பதிவேட்டில் நிற்கும் பெயர்

2009 மே 27 காலை. ஹரியானாவில் ஒரு கிராமத்துத் தெருவில், பின்னோக்கி வந்த மாருதி கார் ஒன்று நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அவரோடு வந்த சிறுவனையும் இடித்தது. சிறுவன் இறந்துபோனான். அந்தக் காரின் ஆர்.சி.யில் பெயர் இருந்தவர் அதை 2007 ஜூலையிலேயே விற்றுவிட்டிருந்தார். காரையும் ஆர்.சி.யையும் கொடுத்ததோடு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் 2008 செப்டம்பரில் இன்னொருவருக்கு விற்றார். அவரிடமிருந்து வாங்கியவரும், தான் வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். இத்தனை கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளைப் பொறுப்பாக்கியது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை மாற்றி, பின்னால் வாங்கியவர் மீது பொறுப்பை வைத்தது. 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பொறுப்பை மீண்டும் முதல் ஆளிடமே கொண்டுவந்து சேர்த்தது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 2(30)ஆம் பிரிவுப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவரே உரிமையாளர். குழந்தையைப் பறிகொடுத்த குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் பழைய வண்டி விற்கும் பெரும்பாலோர் இந்தத் தீர்ப்புக்கு நேர் எதிரான நம்பிக்கையில்தான் வாழ்கிறார்கள். பணம் கைக்கு வந்தது, சாவி கை மாறியது, கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பழைய வண்டி வியாபாரத்தில் ஏமாறுகிறவர் எப்போதும் வாங்குகிறவர்தான் என்பது நம் பொதுப் புத்தி. என் கணக்கில், சட்டத்தின் முன் நீண்ட காலம் மாட்டிக்கொண்டு நிற்பவர் விற்றவர்தான். வாங்கியவருக்குக் குறைந்தபட்சம் வண்டியாவது கையில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இது ஏன் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய விஷயம் என்பதற்கு இங்கே பணம் புழங்கும் விதமே காரணம். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் சிவகாசியைச் சுற்றி வளர்ந்தன. மூன்றிலும் வரவு மாதாமாதம் வருவதில்லை. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். ஆர்டர் பிடித்து, அச்சடித்து, மார்கழிக்குள் அனுப்பி, பணம் வசூலாக மேலும் நாளாகும். பட்டாசுக்குத் தீபாவளியை ஒட்டித்தான் பெரிய வசூல். மழை பிடித்துக்கொண்டால் காயப்போட முடியாது, வேலை நிற்கும். வாங்கிய வண்டிக்கான டியூ மட்டும் ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் வந்து நிற்கும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தபோது, அந்த நவம்பரில் ஆலைகள் கூட்டாக மூடப்பட்டு மாதக்கணக்கில் திறக்காமல் கிடந்தன. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 2020-இல் ஊரடங்கு. ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்தது. அவகாசம்தான் கிடைத்ததே தவிர வட்டி நிற்கவில்லை. தவணைக்காலம் நீண்டது. கடைசித் தவணை இது என்று நினைத்துக் கட்டியவர் பலருக்கு அதன் பிறகும் பாக்கி காட்டியது. இப்படிப்பட்ட நெருக்கடியில் வீட்டில் முதலில் விலைபோகும் பெரிய பொருள் வண்டிதான். வீட்டை விற்க யாருக்கும் மனம் வராது. நகையை அடகு வைப்பார்கள். காரையோ குட்டியானையையோ தள்ளிவிடுவார்கள்.

கடன் பாக்கி இருக்கும் வண்டியைத் தள்ளிவிடுவதில் இங்கே ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. "மீதி டியூவை நான் கட்டிக்கிறேன், அண்ணாச்சி" என்று சொல்லி, ஒரு தொகையை முன்னால் கொடுத்து, வாங்குகிறவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் தெரியாது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு எழுத்து இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. தெரிந்தவர் மூலம் வந்தவர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர், ஒரே உறவின்முறை என்ற நம்பிக்கைதான் ஒப்பந்தம். வாய்ச்சொல்லை மதித்தே பெரிய வணிகம் நடத்திய ஊர்கள் இவை. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் இருவரோடு மூன்றாவதாக ஒரு கடன் கொடுத்தவர் இருக்கிறார். அவரைக் கேட்காமல் இருவர் பேசி முடித்தது அவரைக் கட்டுப்படுத்தாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு முழுக்க இந்த மூன்றாவது ஆளைப் பற்றியதுதான். கடன் போட்டு வண்டி வாங்கும்போது 34ஆம் எண் படிவத்தின் வழியாக ஆர்.சி.யில் கடன் கொடுத்தவரின் பெயர் ஏறுகிறது. இங்கே எல்லாரும் அதை எச்.பி. என்பார்கள். அந்த வரி இருக்கும்வரை, எச்.பி.யில் பெயர் உள்ளவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உரிமை மாற்றத்தைப் பதிய முடியாது. நகல் ஆர்.சி. வாங்கவும், வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகவும்கூட அவரிடம் ஆட்சேபணையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., கேட்க வேண்டும்.

'டியூ கட்டிக்கிறேன்' ஏற்பாடு எப்படியெல்லாம் உடையும் என்று பார்க்கலாம். வாங்கியவர் நாலு தவணை கட்டி ஐந்தாவதை நிறுத்தினால், நோட்டீஸ் விற்றவர் வீட்டுக்கு வரும். சிபில் மதிப்பெண் விழுவது விற்றவருக்கு. காசோலை திரும்பினால் வழக்கும் அவர்மீதுதான். வண்டி எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடமான வண்டியை அனுமதியின்றி விற்றதாக நம்பிக்கை மோசடிப் புகாரும் வரலாம். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் அது 316ஆம் பிரிவு. வாங்கியவர் கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டினால் மட்டும் நிம்மதி என்று சொல்லிவிட முடியாது. கடன் முடிந்த சான்று கடன் வாங்கியவர் பெயரில்தான் வரும். அதற்குள் அவர் ஊர் மாறியிருக்கலாம், இறந்திருக்கலாம், வண்டி விலை ஏறிவிட்டதே என்று மனம் மாறியிருக்கலாம். ஐந்து ஆண்டு டியூ கட்டியவர் கையில் பணம் கட்டிய ரசீதுக் கட்டு மட்டும் மிஞ்சும்.

இவை இரண்டையும்விட மோசமானது சீஸிங். தவணை பாக்கிக்காக வழியில் மறித்து வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, ஓட்டிக்கொண்டிருப்பவர் யார், எவ்வளவு கட்டியிருக்கிறார் என்று வந்தவர்களுக்கு அக்கறை இல்லை. அடியாட்களை வைத்துப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. 2011 நவம்பரில் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கிலும் பலவந்தமாக எடுப்பது கூடாது என்றது. அதே நேரம், 2020 அக்டோபர் 1 அன்று மேக்மா ஃபின்கார்ப் வழக்கில், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் தவணை தீரும்வரை வண்டி நிதி நிறுவனத்துடையதே, தவறினால் எடுத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: எடுக்கும் உரிமை உண்டு, எடுக்கும் முறைக்கு எல்லை உண்டு. வாடகைக் கொள்முதலுக்கென்றே நாடாளுமன்றம் 1972-இல் ஒரு சட்டம் இயற்றியது. அது கடைசிவரை நடைமுறைக்கே வராமல் 2005-இல் நீக்கப்பட்டது. கடன் வாங்கியவரின் பக்கம் நின்று பேசியிருக்கக்கூடிய ஒரு சட்டம் அப்படிக் காகிதத்திலேயே போனது பெரிய இழப்பு.

இத்தனைக்கும் வண்டிக்கடன் என்ற தொழிலே தமிழ்நாட்டு மண்ணில் வேர் பிடித்து வளர்ந்ததுதான். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் தொடங்கியது, சோழமண்டலம் 1978-இல், ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979-இல். வங்கிகள் ஏறிட்டுப் பார்க்காத பழைய லாரிக்கும், ஒரே லாரி வைத்திருந்த ஓட்டுநருக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது ஸ்ரீராம். சிவகாசியிலிருந்து வடக்கே காலண்டரும் பட்டாசும் ஏற்றிப்போகும் லாரித் தொழில் இந்தக் கடன் இல்லாமல் ஓடியிருக்காது. கடனைப் பழிப்பது என் நோக்கம் இல்லை. கடன் முடிந்த பிறகும் ஆர்.சி.யிலிருந்து போகாமல் நிற்கும் அந்த ஒரு வரியைப் பற்றியே பேசுகிறேன்.

கடைசித் தவணை கட்டிய அன்று கடன் தீர்கிறது. ஆர்.சி.யில் உள்ள எச்.பி. தானாகப் போய்விடுவதில்லை. கடன் கொடுத்தவர் 35ஆம் எண் படிவத்திலும் என்.ஓ.சி.யிலும் கையெழுத்திட்டுத் தரவேண்டும். அந்தப் படிவத்தில் வண்டி உரிமையாளரும் கையெழுத்திட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து 'எச்.பி. கேன்சல்' செய்ய வேண்டும். பெரும்பாலானோர் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். என்.ஓ.சி. வந்ததும் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளில் செல்லுபடிக் காலம் அச்சிட்டிருப்பது வழக்கம், பெரும்பாலும் மூன்று மாதம். ஆறு ஆண்டு கழித்து வண்டியை விற்கப் போகும்போது தாள் காலாவதியாகியிருக்கும், கொடுத்த கிளையும் இருக்காது.

கிளை மட்டும் இல்லை, நிறுவனமே இல்லாமல் போய்விடுவதும் உண்டு. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. ஐ.என்.ஜி. வைஸ்யா 2015-இல் கோட்டக்கில் கரைந்தது. அசோக் லேலண்ட் ஃபைனான்ஸ் 2004-இல் இண்டஸ்இண்ட் வங்கியில் சேர்ந்தது. ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட்டே 2022-இல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆகிவிட்டது. ஆர்.சி.யில் பழைய பெயர் அப்படியே நிற்கும். பெரிய நிறுவனங்கள் இணைந்திருந்தால், இணைப்புக்குப் பிறகான நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு என்.ஓ.சி. வாங்கிவிடலாம். நாள் பிடிக்கும், ஆனால் வழி உண்டு. சிக்கல் உள்ளூரில் ஒரு அறையில் நடந்து மூடப்பட்ட சின்ன ஃபைனான்ஸ்களின் பெயர் ஏறிய வண்டிகளில்தான். நடத்தியவர் இறந்துபோயிருப்பார், பங்காளிகள் பிரிந்திருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான நிரூபணம் காட்டினால் பதிவு அதிகாரி அந்த வரியை நீக்கலாம் என்று 51ஆம் பிரிவு சொல்கிறது. எது நிரூபணம் என்பதில்தான் இழுபறி. கட்டிய ரசீதுகளையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் வைத்திருப்பவர் பிழைப்பார், தூக்கிப் போட்டவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

கடன் தீர்ந்தும் என்.ஓ.சி. மறுக்கப்படுவதற்கு இந்த ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. வணிகக் குடும்பங்களில் ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் போடுவது சகஜம். மச்சான் வாங்கிய தொழில் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, தன் காருக்கான என்.ஓ.சி.யைத் தடுத்து நிறுத்தும்போதுதான் பலருக்கு நினைவே வருகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவில் வங்கிகளுக்குள்ள பொதுப் பற்றுரிமையையும், கடன் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனையையும் காட்டி வங்கிகள் பிடித்துவைக்கின்றன. விற்பதாகப் பேசி முன்பணமும் வாங்கிவிட்ட பிறகு இது தெரியவந்தால், வாங்க வந்தவருக்குப் பதில் சொல்ல வழியிருக்காது. அதனால் விலை பேசும் முன்பே, கடன் கொடுத்த இடத்தில் எழுத்துமூலம் முழுப் பாக்கிக் கணக்கைக் கேட்டு வாங்குவது நல்லது. வாய்மொழியாகச் சொல்லும் தொகையை நம்பக் கூடாது. அபராத வட்டியும் காசோலை திரும்பிய கட்டணமும் அதில் வராது.

கடன் முடிவதற்குள் விற்றே ஆகவேண்டும் என்றால் ஒழுங்கான வழி ஒன்றுதான். வாங்குகிறவர் பணத்தின் ஒரு பகுதியை நேராகக் கடன் கணக்கில் கட்டி, கணக்கை முடித்து, 35ஆம் படிவமும் என்.ஓ.சி.யும் கையில் வந்த பிறகு மீதிப் பணத்தையும் சாவியையும் மாற்றிக்கொள்வது. விற்றவர் கையில் மொத்தப் பணத்தையும் கொடுத்து "நீங்களே போய்க் கட்டிடுங்க" என்று விடுவதில், எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. அவருடைய வேறு கடன்காரர்கள் அன்று மாலையே வாசலில் நிற்கலாம்.

இனி அந்த 29ஆம் எண் படிவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரே தாள். விற்றவர் இன்ன ஆண்டு, இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள வண்டியை, இன்ன ஊர் இன்னாருக்கு விற்று, ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் ஒப்படைத்துவிட்டதாக உறுதி சொல்லும் வாசகம். கார் கன்சல்டிங் கடைகளில் நடப்பது என்னவென்றால், தேதி, பெயர், ஊர் எல்லா இடமும் காலியாக இருக்க, அடியில் மட்டும் விற்றவரின் கையெழுத்து வாங்கப்படும். 30ஆம் படிவத்திலும் அப்படியே. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளையும் கூட வைத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுவார்கள். கார் கடைக்குக் கடை கை மாற, அந்த உறையும் கூடவே போகும். ஒவ்வொருவர் பெயரிலும் பதிந்து கட்டணம் கட்டாமல், கடைசியில் ஓட்டப்போகிறவர் பெயரை நிரப்பிக்கொள்வதற்கான ஏற்பாடு இது. நடுவில் உள்ள ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ, அந்த வண்டி சட்டப்படி கையெழுத்திட்டவருடையது.

அதே 29ஆம் படிவம் விற்றவருக்கு ஓர் ஆயுதமும்கூட என்பதைச் சொல்ல ஆளில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்ற செய்தியைப் பதிவு அதிகாரிக்கு அனுப்பி, வாங்கியவருக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று 50ஆம் பிரிவு விற்றவருக்குக் கடமை வைத்திருக்கிறது. வாங்கியவருக்கு 30 நாள். வாங்கியவர் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நிரப்பிய படிவத்தை விருதுநகர் என்றால் டி.என். 67, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் டி.என். 84, சிவகாசி என்றால் டி.என். 95 என்று உரிய அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளலாம். 2018 தீர்ப்புக்குப் பிறகு, பெயர் மாறும்வரை இது முழுக் கவசம் ஆகாது. ஆனாலும் வண்டி குற்றத்தில் சிக்கினால், இந்தத் தேதியிலிருந்து என் கையில் இல்லை என்று காட்ட இதைவிட நல்ல சான்று வேறில்லை.

குற்றத்தில் சிக்குவது என்பதை இந்த வட்டாரத்தில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உரிமம் இல்லாமல் பட்டாசு செய்வதும் எடுத்துச் செல்வதும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ்க் குற்றம். வீட்டில் வைத்து உருட்டிய வெடியைப் பழைய வேனிலோ மினி லாரியிலோ ஏற்றிப்போகும்போது பிடிபட்டால், காவல் துறை முதலில் பார்ப்பது வண்டி எண்ணை. அதன் வழியே போய்ச் சேர்வது பதிவேட்டில் உள்ள பெயருக்கு. வெடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பறிமுதலான வண்டியை நீதிமன்றத்திலிருந்து இடைக்காலப் பொறுப்பில் மீட்கவும் பதிவு உரிமையாளர் வந்தால்தான் சுலபம். வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் மக்கவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் பெயர் மாற்றாமல் ஓட்டியவர் எந்த உரிமையில் மனு போடுவார்? விற்றவரைத் தேடிப் போய்க் கெஞ்ச வேண்டும். விற்றவரோ, போனால் வழக்கில் நம்மையும் சேர்ப்பார்கள் என்று பயந்து ஒதுங்குவார். வண்டி அங்கேயே துருப்பிடிக்கும்.

விபத்தில் நிலைமை இன்னும் சிக்கல், ஏனென்றால் இன்சூரன்ஸும் உள்ளே வருகிறது. உரிமை மாறும்போது மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் புதியவருக்கு மாறியதாகவே கருதவேண்டும் என்று 157ஆம் பிரிவு சொல்கிறது. அடிபட்டவருக்கு அதனால் பாதுகாப்பு உண்டு. தன் வண்டிக்கான சேதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆர்.சி. மாறியும் பாலிசி மாறாத ஒரு காருக்குச் சொந்தச் சேத இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் முடிவு சொல்லிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்காத புதிய உரிமையாளர், மரத்தில் மோதிய காரைத் தன் செலவில்தான் சரிசெய்ய வேண்டும். பாலிசியிலும் கடன் கொடுத்தவரின் பெயர் ஏறியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை நீக்காமல் விட்டால், வண்டி முழுச் சேதமாகும்போது காசோலை அவர் பெயருக்குப் போகும்.

பதிவேட்டில் ஏறாத கடன்களும் இருக்கின்றன, என்னை அதிகம் உறுத்துவது அவைதான். அவசரத்துக்குக் கைமாற்றுக் கடன் கொடுப்பவர் ஆர்.சி.யை வாங்கி வைத்துக்கொண்டு, கூடவே வெற்று 29, 30 படிவங்களிலும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். ஆர்.சி. அட்டையை ஒருவர் கையில் கொடுத்ததால் வண்டிமேல் அவருக்கு எந்த உரிமையும் பிறக்காது. ஆனால் அந்த வெற்றுப் படிவங்களால், கடன் பாக்கியைவிடப் பல மடங்கு மதிப்புள்ள வண்டி ஒரே நாளில் வேறொருவர் பெயருக்குப் போய்விடலாம். மறுபக்கமும் தப்பு நடக்கிறது. ஆர்.சி.யை அடகு வைத்தவர், தொலைந்துவிட்டதாகச் சொல்லி 26ஆம் படிவத்தில் நகல் வாங்கி வண்டியை விற்றுவிடுகிறார். வாங்கியவர் வீட்டு வாசலில் ஒருநாள் அசல் ஆர்.சி.யோடு ஒருவர் வந்து நிற்பார். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. வண்டியைக் குறிவைத்து வாங்கும் வெற்றுக் கையெழுத்தையும் அந்தக் கண்ணோடு காவல் துறை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆர்.சி. நகல் என்று அச்சிட்டிருந்தால், ஏன் நகல் என்று கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது.

சரிபார்க்கும் வசதி முன்பைவிட எவ்வளவோ வந்திருக்கிறது. எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், கடன் உள்ளதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, எஃப்.சி. எதுவரை என்பதைப் பார்க்கலாம். ஆர்.சி. அட்டையில் அச்சான வரியைவிடக் கணினிப் பதிவேட்டில் இருப்பதே கணக்கு. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து ஆர்.சி. விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. ஆகவே, "ஆர்.சி. இன்னும் வரலை, வந்ததும் தர்றேன்" என்று புரோக்கர் சொன்னால், பெயர் மாறிவிட்டதா என்பதைச் செயலியில் பார்த்துவிட்டு நம்பலாம். பழைய வண்டிக் கடைகளுக்கென்றே 2022 டிசம்பர் 22 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதலான விதிகள் சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. அங்கீகாரம் பெற்ற கடையில் வண்டியை விட்டதும், விற்றவர் 29சி படிவத்தின் வழியாக ஆன்லைனில் தெரிவித்தால், அந்த நாளிலிருந்து கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். காலிப் படிவக் கலாசாரத்துக்கு இதைவிட நேரான மாற்று மருந்து கிடையாது. ஆனால் கடையில் நுழையும்போது "உங்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்கும் பழக்கம் விற்பவர்களிடம் இன்னும் வரவில்லை. விலையில் இரண்டாயிரம் குறைந்தாலும் அங்கீகாரம் பெற்ற கடையில் விடுவதுதான் லாபம்.

வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு விற்கப்படும் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்தால், வாரிசு மூன்று மாதம் அந்த வண்டியை ஓட்டலாம். அதற்குள் 31ஆம் படிவத்தில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்தவர் உயிரோடு இருந்தபோது போட்ட வெற்றுக் கையெழுத்தை வைத்து விற்பது போலி ஆவணம் ஆகிவிடும். பின்னால் மற்ற பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தால், வாங்கியவர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்.

கடன் தீர்ந்தும் ஆவணம் தராமல் இழுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஒரு கடிவாளம் போட்டது. தனிநபர் கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைக் கொடுத்து, பதிவேடுகளில் உள்ள பற்றுரிமையையும் நீக்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான கார்க் கடன் இதில் அடங்கும். 30 நாள் தாண்டியும் என்.ஓ.சி. வரவில்லை என்றால், இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வணிகப் பயன்பாட்டுக்கான வண்டிக் கடனை ரிசர்வ் வங்கியின் தனிநபர் கடன் வரையறை வெளியே விட்டுவிடுகிறது. அதனால் சிவகாசியில் சொந்தக் கார் வைத்திருக்கும் அச்சக முதலாளிக்கு நாளுக்கு 5,000 ரூபாய் கேட்கும் உரிமை உண்டு. அவருடைய காலண்டர்க் கட்டுகளை லாரி ஷெட்டுக்கு ஏற்றிப்போகும் குட்டியானைக்காரருக்கு அது இல்லை. கார் ஒரு மாதம் விற்காமல் நின்றால் முதலாளிக்கு அசௌகரியம். குட்டியானையின் என்.ஓ.சி. ஒரு மாதம் தாமதித்தால், அதை விற்றுப் பெரிய வண்டி எடுக்கப் பேசிவைத்திருந்தவரின் முன்பணமும் அந்தப் பருவத்து லோடும் போய்விடும். ஒரு வண்டி மட்டும் வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவரின் கடனையாவது அந்த 30 நாள் விதிக்குள் ரிசர்வ் வங்கி கொண்டுவர வேண்டும். கடன் கணக்கு முடிந்ததும் நிறுவனமே நேராகப் பதிவேட்டில் எச்.பி.யை நீக்கிவிடும்படி போக்குவரத்துத் துறையும் கட்டாயமாக்க வேண்டும். எச்.பி. ஏற்றும்போது ஷோரூமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, ஓட்டுநர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்தில் நிற்பதில்லை. நீக்குவதற்கு மட்டும் அவர் ஏன் நிற்க வேண்டும்?